தந்தியின் ஓசையும் உலோக உறையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவது நம் மரபு. இவ்வாண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருளோ சிலர்க்கு வியப்பளிக்கக்கூடும். மின் கிதாரில் தந்திகளுக்கு நேர் கீழே, தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியதாய், பளபளவென்று ஓர் உலோகப் பெட்டி பொருத்தப்பட்டிருப்பதை நீங்கள் விழா மேடைகளில் கண்டிருப்பீர்கள். அதனுள் இருக்கும் கருவிக்கு வாத்தியக்காரர் வழங்கும் பெயர் ‘பிக்கப்’ என்பது. அதனை மூடியிருக்கும் உலோக உறை ஓசையை என்ன செய்கிறது? அதனைக் கழற்றலாமா, கழற்றக் கூடாதா? இவ்விரு வினாக்களே இன்றைய உரையின் பொருள்.

இஃது ஒரு சிறு தகட்டைப் பற்றிய பேச்சுத்தானே என்று எண்ண வேண்டா. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னையிலிருந்து கடலடியே வந்த கண்ணாடியிழை வடம் நம் தீவுகளைத் தொட்ட பின்னர், நம் பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே உலகத்து ஆசிரியர்களிடம் கிதார் பயில்கின்றனர். அவ்வாசிரியருள் சிலர், “உறையைக் கழற்றி எறியுங்கள், ஓசை திறந்துகொள்ளும்” என்று கூறக் கேட்டு, நம் இளைஞர் குழுவினர் இருவர் அவ்வாறே செய்தனர். ஓசை தெளிந்தது உண்மை. ஆனால் இரண்டு மழைக்காலம் கடந்ததும் அவற்றுள் ஒரு கிதார் ஊமையாயிற்று. திறந்து பார்த்தபோது, தலைமயிர் போன்ற செப்புக் கம்பி பச்சை பூத்து அற்றுக் கிடந்தது. துறைமுகக் கூலியில் ஓராண்டுக் காலம் மிச்சம் பிடித்துத் தந்தை வாங்கிக் கொடுத்த கருவி அது. அன்று முதல் குழுவில் கழற்றுவோர் கட்சி, மூடுவோர் கட்சி என இரண்டு கட்சிகள் எழுந்து, ஒத்திகைக்கு வருவோர் தொகையும் குறைந்துவிட்டது. இச்செய்தியில் இரு திறத்தார்க்கும் நடுநின்று உண்மையைக் கூறுமாறு சங்கம் எம்மைப் பணித்தது. அப்பணியையே இங்கு நிறைவேற்றுகின்றோம்.

பிக்கப் கேட்கும் முறை

வீணையில் தந்தி அதிர்கிறது; குதிரை வழியாகக் குடம் அதிர்கிறது; குடத்தால் காற்று அதிர்கிறது; நாம் கேட்கின்றோம். மின் கிதாரிலோ உடல் பெரும்பாலும் கெட்டியான மரப்பலகை. அது தானாக உரக்கப் பாடாது. ஆதலின் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்ப வேண்டும். இவ்வேலையைச் செய்வதே பிக்கப்.

அதன் அமைப்பு மிக எளிது. நடுவில் காந்தம், அதனைச் சுற்றி 0.06 மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். காந்தம் தன் மேலே செல்லும் எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் கூடியும் குறைந்தும் மாறுகிறது. மாறும் காந்தப் பாயம் சுருளிலே மின்சாரத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டிலேயே காட்டினார். அவ்வுண்மையின் ஒரு சிறு பிள்ளையே நம் பிள்ளைகளின் கையிலுள்ள கிதார்.

இங்கே வீணைக்காரர் கருத வேண்டிய ஒன்றுண்டு. காந்தப் பிக்கப் எஃகை மட்டுமே கேட்கும், பித்தளையைக் கேளாது. வீணையில் சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் மரபுப்படி பித்தளை அல்லது வெண்கலம். ஆகவே கிதார் பிக்கப்பை அப்படியே வீணையில் வைத்தால் மேல் தந்திகள் பேசும். கீழ்த் தந்திகள் வாய் மூடி நிற்கும். வீணைக்குப் பலர் மரத்தின் அதிர்வை வாங்கும் ஒட்டு மைக்கைப் பயன்படுத்துவதற்கும், காந்தப் பிக்கப் வைப்போர் எஃகு நடுக்கம்பியின்மேல் செம்புக் கம்பி சுற்றிய தந்திகளுக்கு மாறுவதற்கும் இதுவே காரணம்.

உறை செய்வது என்ன?

இனி உறைக்கு வருவோம். தந்தி மாற்றுகின்ற அதே காந்தப் பாயம் சுருளை அடையுமுன் உறையையும் ஊடுருவிச் செல்கிறது. உறை உலோகம், உலோகத்தில் மின்சாரம் ஓடும். எனவே சுருளில் மின்சாரம் பிறப்பது போலவே உறையின் தகட்டிலும் நீர்ச்சுழி போன்ற மின்சாரம் பிறக்கிறது. இதனைச் சுழல் மின்னோட்டம் என்பர். இச்சுழல் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்க்கும். இஃது 1834ஆம் ஆண்டில் லென்சு வகுத்த விதி. மாற்றம் எவ்வளவு விரைவோ, எதிர்ப்பும் அவ்வளவு மிகுதி. தாழ்ந்த ஓசைகள் மெல்ல அதிர்வன. அவை தடையின்றிச் சென்றுவிடும். உயர்ந்த ஓசைகள் விரைந்து அதிர்வன. அவற்றிடமே உறை சுங்கம் வாங்குகிறது. உறையிட்ட பிக்கப் சற்றே மழுங்கி ஒலிப்பதன் காரணம் இதுதான்.

சுழல் மின்னோட்டம் நம் வீட்டுக்குப் புதியதன்று. இண்டக்‌ஷன் அடுப்பில் இரும்புப் பாத்திரம் தீயின்றிச் சூடேறுவது அதனால்தான். பழைய மின் அளவியில் அலுமினியத் தட்டு சுழன்றதும் அதனால்தான். தெருமுனை மின்மாற்றியின் உள்ளகத்தை ஒரே இரும்புக் கட்டியாக வைக்காமல் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருப்பது, இச்சுழல் பெருகி ஆற்றலை விழுங்கிவிடாதிருக்கும் பொருட்டே.

தாய்மார்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கனமான பித்தளைத் தாம்பாளம் ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் வலிய சிறு காந்தம் ஒன்றை வழுக்க விடுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஆயினும் அது தயங்கித் தயங்கி இறங்கும். அதே அளவும் கனமும் உள்ள ஜெர்மன் சில்வர் தட்டிலே விட்டால் தயக்கம் குறையும். மரப்பலகையில் இத்தயக்கம் அறவே இராது. காந்தத்தின் காலைப் பிடித்து நிறுத்தும் அந்தக் கையே கிதாரின் உயர்ந்த ஓசையையும் பிடித்து நிறுத்துகிறது.

உலோகத்திற்கு உலோகம் வேறுபாடு

மேற்கண்ட சோதனையிலேயே நம் வழக்கிற்குரிய விடையும் அடங்கியிருக்கிறது. உறை என்றால் எல்லா உறையும் ஒன்றல்ல. செம்பின் மின்தடையை ஒன்று எனக் கொண்டால், பித்தளையின் தடை ஏறத்தாழ 4; ஜெர்மன் சில்வரின் தடை ஏறத்தாழ 17. தடை மிகுந்தால் சுழல் மின்னோட்டம் குறையும். ஓசை இழப்பும் குறையும். ஜெர்மன் சில்வர் என்ற பெயரைக் கேட்டு அதில் வெள்ளி இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. நம் பூசையறைக் குங்குமச் சிமிழிலும் தட்டிலும் காணும் அதே உலோகம்தான்.

அமெரிக்கக் கிப்சன் தொழிலகத்தின் பொறியாளர் சேத் லவர் (1910–1997) இதனை நன்குணர்ந்தவர். மின்கம்பிகளிலிருந்து வரும் ‘உம்’ என்னும் இரைச்சலை ஒழிக்க அவர் ஒரு சூழ்ச்சி செய்தார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, சுற்றும் திசையையும் காந்த முனையையும் ஒன்றுக்கொன்று எதிராக அமைத்தார். தந்தியின் ஓசை இரண்டிலும் ஒன்றாய்க் கூடியது. இரைச்சலோ ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. 1955இல் அவர் உரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1959இல் உரிமை கிடைத்தது. ‘ஹம்பக்கர்’ என்று வழங்கும் அப்பிக்கப்பின் உறைக்கு அவர் தேர்ந்தது பித்தளையை அன்று, ஜெர்மன் சில்வரையே. உறையும் வேண்டும், ஓசையும் பெரிதும் கெடலாகாது என்னும் இரு நோக்கையும் அது நிறைவேற்றியது.

பின்னர் 1960களின் நடுவில் இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் முதலியோர் உறை கழற்றிய பிக்கப்புகளுடன் வாசிக்கத் தொடங்கினர். அவ்வோசையைக் கேட்ட இளைஞர் உலகெங்கும் உறைகளைக் கழற்றலாயினர். நம் பிள்ளைகள் இன்று கேட்கும் அறிவுரையின் வேர் அங்கேயே இருக்கிறது. அவர்கள் வாசித்த நகரங்களின் காற்று வேறு; நம் தீவின் காற்று வேறு.

உறையால் வரும் நன்மை

உறை சுங்கம் வாங்குவதோடு நில்லாது காவலும் செய்கிறது. அக்காவல் மூவகைப்படும்.

முதலாவது, இரைச்சல் காவல். உறையை எர்த் கம்பியோடு பற்றவைத்திருப்பர். மின்விளக்கு, மின்விசிறிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, இன்வெர்ட்டர் முதலியவை பரப்பும் மின்புலத்தால் வரும் ‘கரகர’ ஓசையை அவ்வுறை தான் வாங்கித் தரைக்கு அனுப்பிவிடும். ஆயினும் நொடிக்கு 50 முறை மாறும் காந்தப்புலத்தால் வரும் ‘உம்’ ஓசையை அம்மெல்லிய தகடு தடுக்காது. அதனை இரட்டைச் சுருளே தடுக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் வரும் குழப்பம் மிகப் பெரிது.

இரண்டாவது, அடிகாவல். மயிரளவே பருமனுள்ள கம்பி விரல் நகம் பட்டாலும் அறும். உறை அதனை மறைத்துக் காக்கிறது.

மூன்றாவது, காற்றுக் காவல். நம் தீவினர்க்கு இதுவே தலையாயது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நம்மேல் பொழிகின்றன. மழை ஓய்ந்தாலோ உப்புக் காற்று. வாயிற்கதவின் கீலும் மிதிவண்டிச் சங்கிலியும் இங்கு என்னவாகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே காற்று உறையில்லாத சுருளின் மெல்லிய பூச்சில் ஓர் ஊசித்துளை கிடைத்தாலும் உள்ளே நுழைந்து செம்பை அரிக்கும். விரல் வியர்வையிலுள்ள உப்பும் அதனோடு சேரும். நம் இளைஞரின் கிதார் ஊமையான வரலாறு இதுவே.

பெருநிலத்தில் இருப்போர்க்கு இது பெருந்துன்பமன்று. சென்னையிலே சுருள் அறுந்தால் மாலைக்குள் கடைத்தெருவுக்குச் சென்று வரலாம். நமக்கோ சென்னை ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால். கருவி கப்பலேறிச் சென்று மீள்வதற்குள் பொங்கல் விழாவே கடந்துவிடும். ஆகவே உறையின் விலையை நாம் தீவின் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இழப்பின் அளவு

“அப்படியாயின் எங்கள் ஓசையின் கதி என்ன?” என்று இளைஞர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே. ஏனெனில் நம் இசைக்கு உயிர் கமகம். சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் அசைவைக் காது பின்தொடர வேண்டுமானால் ஓசையில் தெளிவு வேண்டும்.

கிதாரின் மெல்லிய தந்தி திறந்த நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிர்கிறது. 24ஆம் மெட்டில் ஏறத்தாழ 1320. உறையின் தடையோ பெரிதும் 2000 அதிர்வுக்கு மேற்பட்ட ஓசைகளிலேயே தோன்றும். ஆகவே எந்தச் சுரமும் கெடுவதில்லை. சுரத்தோடு கூடப் பிறக்கும் மேலோசைகளே குறைகின்றன. திரைக்குப் பின்னிருந்து ஒருவர் பேசினால் உயிரெழுத்து நன்றாகக் கேட்கும். சகர, டகரங்கள் மங்கும். பேச்சு புரியும்; கூர்மை மட்டும் குறையும். உறையின் வேலையும் அத்தகையதே. பித்தளை உறை தடித்த திரை. ஜெர்மன் சில்வர் உறை மெல்லிய திரை.

இனி மற்றொரு கணக்கையும் பாருங்கள். பிக்கப்பின் சுருளும், ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி வடமும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும். கிதாரின் ஒளி அங்கேதான் இருக்கிறது. சுருளின் தூண்டல் 4 ஹென்றி என்றும், வடம் மீட்டருக்கு 100 பிகோபாரட் என்றும், சுருளுக்கே உரிய மின்தேக்கம் மற்றொரு 100 என்றும் கொள்வோம். 3 மீட்டர் வடத்தில் அவ்வொளி ஏறத்தாழ 4000 அதிர்வில் நிற்கும். 6 மீட்டர் வடத்திலோ ஏறத்தாழ 3000க்கு இறங்கிவிடும். நல்ல ஜெர்மன் சில்வர் உறை எடுத்துக்கொள்வதைவிட மிகுதியாக, தேவையற்ற நீண்ட வடம் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது இதனால் விளங்கும். உறையைக் கழற்றத் துணியும் கை முதலில் வடத்தைக் குறுக்கிப் பார்த்திருக்க வேண்டாவா?

எம் முடிபு

இவற்றையெல்லாம் சீர்தூக்கி இளைஞர் குழுவிற்கு யாம் கூறும் முடிபு இது.

உறையைக் கழற்றுமுன் அதன் உலோகத்தை அறிக. மேலே பூசியிருக்கும் நிக்கல் அல்லது குரோமிய முலாம் எல்லாவற்றையும் ஒரே நிறமாகக் காட்டும். உட்புறத்து ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சிறிது சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் தோன்றினால் பித்தளை. வெண்மை தோன்றினால் ஜெர்மன் சில்வராக இருத்தல் கூடும். பித்தளையாயின் அதனை மாற்றி ஜெர்மன் சில்வர் உறை இடுக. ஒற்றைச் சுருள் பிக்கப்பாயின் பிளாஸ்டிக் உறையே போதும். அது காந்தத்தையும் மின்சாரத்தையும் தடுப்பதில்லை, காற்றை மட்டும் தடுக்கும்.

உறையை மாற்றுவதும் விளையாட்டன்று. அது பின்புறத்தில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்பற்றை உருக்கும் சூடு நெடுநேரம் நின்றால் சுருளுக்குக் கேடு. புதிய உறை சிறிதும் ஆடாதபடி உள்ளே மெழுகு வார்க்க வேண்டும். இல்லையேல் தகடு தானே அதிர்ந்து ‘கீ’ என்று வீரிடும். வீணையின் மெட்டுகளை மெழுகிலே பதிக்கும் மரபு நமக்குண்டு. அதே மெழுகு இங்கும் துணை நிற்கிறது. மாற்றிய பின் உறைக்கும் எர்த்துக்கும் தொடர்பு உண்டா என்று மல்டிமீட்டரால் சோதித்தல் இன்றியமையாதது.

ஓசை இன்னும் தெளிய வேண்டுமாயின், பிக்கப்பின் இருபுறத்துத் திருகுகளால் அதனைத் தந்திக்குச் சிறிது அருகே உயர்த்துக. மிக அருகே கொண்டு சென்றால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியையே கலைக்கும். வாசித்து முடித்தபின் உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிகா ஜெல் இட்டு மூடி வைக்க. முன்னரே உறை கழற்றப்பட்ட மற்றொரு கிதாருக்கு இம்மழைக்காலத்திற்கு முன்பே உறையிடுதல் நலம்.

வந்த கருவியும் நம் இசையும்

மூத்தோர் சிலர், “இந்த அயற்கருவிக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?” என்று கருதக்கூடும். அவர்கட்கும் ஒரு சொல். பொருநராற்றுப்படையைப் பாடிய புலவர் யாழின் பத்தரையும், அதனைப் போர்த்த தோலையும், தோலின் நிறத்தையும் விடாமல் வருணித்திருக்கிறார். கருவியின் உறுப்பை உற்று நோக்குவது நம் பழம் புலவர் வழியே. விபுலானந்த அடிகளார் 1947இல் வெளியிட்ட யாழ் நூலில் மறைந்த யாழின் அமைப்பைக் கணக்கிட்டு மீட்கப் பல்லாண்டு உழைத்தார். யாழின் தோற்போர்வை ஓசையை வளர்த்தது; கிதாரின் உலோகப் போர்வை ஓசையைச் சிறிது குறைக்கிறது. இரண்டையும் அறிந்தவனே இரண்டையும் ஆள வல்லவன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் ஐரோப்பிய வயலினை நம் இசைக்கு ஆக்கினர். இன்று வயலினின்றிக் கச்சேரி ஏது? பாலக்கொல்லுவில் 1969இல் பிறந்த யு. சீனிவாஸ் மின் மாண்டலினை எடுத்து, இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக்கி, சிறுவனாகவே சென்னை மேடைகளில் கமகத்தோடு இராகம் வாசித்துக் காட்டினார். 2014இல் அவர் மறைந்தபோது மாண்டலின் என்பது அவர் பெயரின் முன்னொட்டாகவே ஆகியிருந்தது. பிரசன்னா மின் கிதாரிலேயே கருநாடக இசையை வாசித்து வருகிறார். கருவி எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது யார் கையில் எப்படிப் பேணப்படுகிறது என்பதே பெரிது.

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். பற்றவைக்கும் கருவி ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, சிறிது மெழுகு, இரண்டொரு ஜெர்மன் சில்வர் உறைகள், உதிரித் தந்திகள் ஆகியவற்றைச் சங்க அலமாரியில் வாங்கி வையுங்கள். மின் வேலை அறிந்த நம் காலனி அன்பர்கள் திங்களுக்கு ஒரு ஞாயிறு மாலை இளைஞர்க்கு இவ்வேலையைக் கற்பிக்கட்டும். கப்பலை எதிர்பார்த்து ஒரு பிள்ளையின் கருவி ஊமையாய்க் கிடக்கும் நிலை இனி வேண்டா. கழற்றுவோர் கட்சியும் மூடுவோர் கட்சியும் ஒரே மேசையில் அமர்ந்து அந்த ஊமைக் கிதாருக்குப் புதுச் சுருள் பொருத்துவதே அக்குழுவின் முதல் வேலையாகட்டும்.

கடல் கடந்து வாழும் நம் மொழிக்கும் இச்சங்கம் ஓர் உறை. உறை தடித்தால் உள்ளிருக்கும் குரல் மழுங்கும். உறை நீங்கினால் உப்புக் காற்று அரிக்கும். காக்கவும் வேண்டும், குரலை வெளியே விடவும் வேண்டும். இரண்டிற்கும் ஏற்ற உலோகத்தைத் தேர்ந்துகொள்ளும் அறிவு நம் இளைஞர்க்கும் மூத்தோர்க்கும் ஒருங்கே வாய்க்குமாக.